ஆர்கனுக்கு எதிராக ஒரு ஜெபம்

அன்றைக்கு எல்லாரையும் விட ஓங்கி "ஆமென்" சொன்னவர் கண்ணாடிக்காரர்தான். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

பாஸ்டர் வாசித்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, அந்த ஆர்கன் சத்தம் எப்படியாவது நிற்க வேண்டும். என்னால் தாங்க முடியவில்லை."

அந்தக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர் ஒரே ஒருவர். அவர் தன் முக்காலியில் உட்கார்ந்தபடி, தனக்கு எதிராகத் தானே ஆமென் சொல்லிவிட்டு, திறந்த வாயை மூட மறந்திருந்தார். பாஸ்டர் அதற்குள் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். யாருக்கோ மூட்டுவலி. சபை அதற்கும் ஆமென் சொன்னது.

கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டில் எழுதி உள்ளே போடலாம். பெயர் எழுதக் கூடாது. பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் ஒவ்வொன்றாக வாசிப்பார், சபை ஆமென் சொல்லும், அவர் சீட்டை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்வார். யார் எழுதியது என்று கேட்கவே கூடாது. அது எழுதியவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம். மாமியார் திருந்த வேண்டும் என்று ஒரு சீட்டும், மருமகள் திருந்த வேண்டும் என்று ஒரு சீட்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்து, இரண்டுக்கும் அந்த இரண்டு பேருமே ஆமென் சொன்ன கதையெல்லாம் நடந்திருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் கண்ணாடிக்காரர் பாஸ்டரைப் பிடித்தார்.

"பாஸ்டர், அந்த ஆர்கன் சீட்டு..."

"அதுக்குத்தான் ஜெபிச்சாச்சே, பிரதர்."

"ஜெபிச்சாச்சு. அதான் பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்?"

"மொத்த சபையும் ஜெபிச்சிருக்கு. நானும் ஆமென் சொல்லிட்டேன். ஆண்டவர் கேட்டுட்டார்னா?"

பாஸ்டர் யோசித்தார். ஜெபம் கேட்கப்படாது என்று ஒரு பாஸ்டர் சொல்ல முடியாது. கேட்கப்படும் என்று ஆர்கன்காரரிடம் சொல்வதும் நன்றாயிருக்காது.

"பதில் வர்ற வரைக்கும் வாசிங்க, பிரதர்" என்றார்.

"கையெழுத்தைப் பாத்தா யாருன்னு தெரியாதா?"

"கையெழுத்தை நான் பாக்கிறதே இல்ல. பாக்கிறேன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு மனசுவிட்டு எழுதுவாங்க?"

படியிறங்கும்போது மாடி நர்ஸ் எதிரே வந்தாள். கண்ணாடிக்காரர் வீட்டு மாடிப் போர்ஷனில் ஏழு மாதமாகக் குடியிருக்கும் பெண். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. பொழுது சாய்ந்து போய் விடிந்த பிறகு திரும்பி வருகிற தனிப்பெண்ணுக்கு யாரும் வீடு கொடுக்காதபோது இவர்தான் கொடுத்தார். அந்த நன்றி அவளுக்கு உண்டு. பணி முடிந்த கையோடு நேரே கோயிலுக்கு வந்து, மூன்றாவது பெஞ்சில் தூணோரமாக நின்று முதல் பாட்டின் முதல் சரணத்தைப் பாடுவாள். இரண்டாவது சரணத்துக்குத் தூணில் தலை சாய்ந்துவிடும். கடைசி ஆசீர்வாதத்துக்குத்தான் கண் திறப்பாள். ராத்திரியெல்லாம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை என்று சபையில் யாரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

"இன்னைக்கும் வாசிப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணே" என்றாள். "மனசு, உடம்பு எல்லாம் லேசாயிடுச்சு."

கண்ணாடிக்காரர் அந்த வார்த்தையை மனசுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிற தொழில் அவருடையது. பகலெல்லாம் "இது தெரியுதா, அது தெரியுதா" என்று கேட்டே காலம் போய்விடும். கண்ணாடி நன்றாக அமைந்தால் யாரும் கடைக்குத் திரும்பி வந்து சொல்வதில்லை, அமையாவிட்டால்தான் வருவார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், தானும் ஓர் ஆள் என்று அவருக்குத் தோன்றும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். முக்காலி போய்விடும் என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, தன் வாசிப்பு ஆண்டவருக்கே பிடிக்கவில்லையோ என்பது.

வீட்டில் மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு மட்டும் தெரியட்டும்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவே?"

"அவங்களுக்காக நானும் ஒரு சீட்டு எழுதிப் போடுவேன்."

"எனக்கு என்னமோ என் வாசிப்புதான் சரியில்லையோன்னு தோணுது."

"அப்படின்னா பழகுங்க. குறை சொன்னவன் வாய் அடைபடற மாதிரி வாசிச்சுக் காட்டுங்க."

இந்த யோசனை அவருக்குப் பிடித்தது. வீட்டு முன்னறையில் ஒரு பழைய கால்மிதி ஆர்கன் இருந்தது. கோயிலுக்குக் கரண்ட்டில் ஓடும் புது ஆர்கன் வந்தபோது, வேண்டாமென்று ஒதுக்கிய கிழட்டு ஆர்கனை அவர் பாசத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வயதான வாத்தியம். மிதித்தால் மூச்சு வாங்கும், ஒன்றிரண்டு கட்டைகள் தன் இஷ்டத்துக்குப் பேசும். அதில் தினமும் காலையில் அரைமணி நேரம் வாசிப்பது அவர் வழக்கம். மறுநாளிலிருந்து அதை ஒன்றரை மணியாக்கினார். ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, விரல் தானாக ஓடும்வரை விடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வாசித்ததைக் கேட்டு பாஸ்டரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்காரர் தைரியமாகச் சீட்டுகளுக்குக் காத்திருந்தார்.

நாலாவது சீட்டு: "ஆண்டவரே, போன வாரம் கேட்டேன். ஆர்கன் சத்தம் குறையவில்லை, கூடிவிட்டது. ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. எனக்குப் பொறுமை தாரும்."

இந்த முறை ஆமென் கொஞ்சம் தாமதமாகவும் கலைந்தும் வந்தது. சிலர் சொல்லிவிட்டு ஆர்கன் பக்கம் பார்த்தார்கள். சிலர் ஆர்கன் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

"ஒரே பாட்டு திரும்பத் திரும்பன்னா என்ன அர்த்தம் பாஸ்டர்?" என்றார் கண்ணாடிக்காரர். "ஒரு பாட்டை ஒரு தடவைதானே வாசிக்கிறோம்?"

"ஆறு சரணம் பாடறோம் பிரதர். ஆறுக்கும் ஒரே ராகம். கேக்கிறவங்களுக்குத் திரும்பத் திரும்ப மாதிரி இருக்குமோ என்னவோ."

"அப்ப சரணத்தைக் குறைச்சிடலாமா?"

"ரெண்டு போதும்."

ஆறு சரணத்தை இரண்டாக்கியதில் ஆராதனையில் இருபது நிமிஷம் மிஞ்சியது. மிஞ்சிய நேரத்தைப் பாஸ்டர் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு ஆர்கனைப் பற்றி அதுவரை எந்த அபிப்பிராயமும் இல்லாதவர்களுக்குக்கூட ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது. "எல்லாம் இந்த ஆர்கனால வந்தது" என்று வாசலில் செருப்புத் தேடிக்கொண்டே பேசினார்கள்.

மாடி நர்ஸ் மட்டும் அவரிடம் நேராக வந்து கேட்டாள். "என்ன அண்ணே, ரெண்டே சரணத்துல நிறுத்திட்டீங்க? கொஞ்சம் நீளமா வாசிங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவருக்கு நீளம் போதவில்லை, இன்னொருவருக்குப் பொறுமை போதவில்லை. இரண்டே சரணத்தில் ஆறு சரணத்தின் உருக்கத்தையும் கொண்டுவந்துவிட்டால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள் என்று முடிவு செய்தார். அதற்கு இன்னும் பழக வேண்டும். காலைப் பழக்கம் இரண்டரை மணி நேரமானது. கடை திறக்கும் நேரம் தள்ளிப் போனது.

திறந்த கடைக்கு ஒருநாள் தபால் ஐயா வந்தார். தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதிய ஏற்பாட்டில் எங்கேயும் வாத்தியம் வாசித்து ஆராதித்ததாக இல்லை, மனிதக் குரல் ஒன்றே போதும் என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறவர். கண்ணாடிக்காரர் அவர் கண்ணுக்கு எதிரே ஒவ்வொரு வில்லையாகப் போட்டுக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"ஐயா, மனசுல வெச்சுக்காம சொல்லுங்க. அந்தச் சீட்டு..."

"நான் எழுதலை தம்பி."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"ஊரே கேக்குது. நான் எதிர்க்கிறதா இருந்தா மூஞ்சிக்கு நேரா எதிர்ப்பேன். தாவீது ராஜா சுரமண்டலம் வாசிச்சாரேன்னு நீ சொல்லுவே, அது பழைய ஏற்பாடுன்னு நான் சொல்லுவேன். அதுல ஒரு மரியாதை இருக்கு. இப்படிப் பெட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா எதிர்ப்பாங்க?"

"அப்ப யாருங்கய்யா?"

"தெரியலையே. எனக்கே வருத்தமா இருக்கு. முப்பது வருஷமா நான் வாய்கிழியப் பேசி ஒரு ஈ காக்கா கேக்கலை. எவனோ ரெண்டு சீட்டுல நாலு சரணத்தைக் காலி பண்ணிட்டான்."

மூன்றாவது ஞாயிறு வந்த சீட்டு கண்ணாடிக்காரரை நிலைகுலைய வைத்தது: "ஆண்டவரே, அந்த ஆர்கனில் ஒரு கட்டை மட்டும் தப்பாகக் கத்துகிறது. இப்போது பாட்டே காதில் விழுவதில்லை. அது எப்போது கத்தும் என்றுதான் காத்துக்கொண்டிருக்கிறேன்."

கோயில் ஆர்கனில் தப்பான கட்டை கிடையாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் திங்கட்கிழமை மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினார். மெக்கானிக் எல்லாக் கட்டைகளையும் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியே சார். எல்லாம் சரியா இருக்கு."

"இருக்கணுமே. ஒருத்தர் காதுக்கு மட்டும் கேக்குதாம்."

"அப்ப அவர் காதைத்தான் கழட்டிப் பாக்கணும்."

"எதுக்கும் ஒரு தடவை இதைக் கழட்டிப் பாத்துடுங்க."

மெக்கானிக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மாட்டி முடித்த பிறகு மூன்று ஸ்க்ரூ கையில் மிச்சம் இருந்தது. அவற்றை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மெக்கானிக் ஒரு கட்டையைத் தட்டினார். அது விரலை எடுத்த பிறகும் நிற்காமல் கத்தியது.

"கேக்குதுங்களா? இப்பத்தான் வியாதி வெளிய வருது" என்றார் மெக்கானிக்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனையாவது பார்த்திருக்கிறோம். நன்றாக இருந்த ஆர்கனுக்கு வைத்தியம் பார்த்து நோயாளியாக்கியவர் இவர் ஒருவர்தான்.

அந்த வாரமே பாஸ்டர் கமிட்டியைக் கூட்டினார். சீட்டில் எழுதியபடியே ஒரு கட்டை கத்துவதை எல்லாரும் காதாலேயே கேட்டார்கள். எழுதியவர் சாதாரண ஆளில்லை, ஞானதிருஷ்டி உள்ளவர் என்று பேச்சு வந்தது. ஆர்கன் ஆண்டவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கண்ணாடிக்காரரே அதை ஏறக்குறைய நம்பத் தொடங்கியிருந்தார்.

"ஒரு மாசம் வாத்தியமே இல்லாம பாடிப் பாக்கலாம்" என்றார் பாஸ்டர். "அதுக்குள்ள ஆர்கனையும் சரி பண்ணிடலாம். தபால் ஐயா பாட்டை எடுத்துக் குடுக்கட்டும்."

முப்பது வருஷம் போராடிக் கிடைத்த வெற்றி. ஆனால் தபால் ஐயாவின் முகத்தில் அதற்கான சந்தோஷம் இல்லை. "நான் ஜெயிச்ச மாதிரியே இல்ல தம்பி" என்று கண்ணாடிக்காரரின் காதில் சொன்னார்.

கோயிலின் சாமான் அறை ஒழுகுகிறது. ஆகவே ஆர்கனை யார் வீட்டில் வைப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து அதை ஸ்பீக்கரோடு தூக்கிக்கொண்டுவந்து, முன்னறையில் பழைய ஆர்கனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"நாம எங்கங்க உக்கார்றது?"

"ஆளுக்கொரு முக்காலி இருக்கே."

"சரி. இதை எப்படிச் சரி பண்ணப் போறீங்க?"

"ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒவ்வொரு கட்டையாத் தட்டிப் பாக்கணும். எது எங்க பிசகுதுன்னு அப்பத்தான் தெரியும்."

அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம் அவர் கடையை மத்தியானத்துக்கு மேல்தான் திறந்தார். காலையிலிருந்து உச்சிவரை பழைய ஆர்கனில் ஒரு கட்டை, புது ஆர்கனில் அதே கட்டை. பிறகு அடுத்த கட்டை. புதுசு கத்தும்போது நிறுத்த முடியாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஸ்பீக்கர் வைக்கச் சுவரோரம் இடமில்லாததால் அதைக் கூரையைப் பார்க்க மல்லாத்தி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அந்தக் கட்டை சரியாகிவிட்டது. அந்த மகிழ்ச்சியில் சனிக்கிழமை ஆறு சரணத்தையும் முழுதாக வாசித்தார். மனைவி பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து பழைய ஆர்கனைத் தன்னால் முடிந்தமட்டும் மிதித்தாள். இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வேலையைச் சண்டையில்லாமல் செய்தது அன்றுதான். ஆனாலும் படுக்கும்போது அவருக்கு அழுகை வந்தது. மறுநாள் கோயிலில் அவர் கைக்கு வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்றாவது பெஞ்சில், மற்றவர்களைப்போல உட்கார்ந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் மாடி நர்ஸ் வந்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. வந்தவள் ஆர்கன் இருந்த இடத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"அண்ணே, ஆர்கன் எங்க?"

"இனிமே இல்லம்மா. ஒரு மாசத்துக்கு."

"ஐயையோ. அது இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். குரல் நடுங்கியது.

இந்தக் கோயிலில் தன் வாசிப்புக்காகக் கண் கலங்க ஒரு ஜீவன் இருக்கிறதே என்று கண்ணாடிக்காரர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

தபால் ஐயா பாட்டை எடுத்துக் கொடுத்தார். ஆர்கன் இல்லாமல் எங்கே தொடங்குவது என்பது அவருக்கு முப்பது வருஷமாகத் தோன்றாத கேள்வி. வாய்க்கு வந்த சுருதியில் தொடங்கினார். இரண்டாவது அடியில் ஆண்கள் பாடுவதை நிறுத்தினார்கள். மூன்றாவது அடியில் பெண்களும் நிறுத்தினார்கள். நாலாவது அடியில் தபால் ஐயாவும் நிறுத்தினார். பிறகு எல்லாரும் வேறு வேறு சுருதியில் மறுபடி தொடங்கி, வேறு வேறு நேரத்தில் முடித்தார்கள். கண்ணாடிக்காரருக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல் கிடைத்தது. கிடைத்ததற்காக உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

பிரசங்கம் நீண்டது. பக்கத்தில் நர்ஸ் தூணில் தலை சாய்த்தாள், எடுத்தாள், மறுபக்கம் சாய்த்தாள், எடுத்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் பிரசங்கத்தை முழுதாகக் கேட்டாள்.

பாஸ்டர் பெட்டியைத் திறந்தார். முதல் சீட்டு பரீட்சை. இரண்டாவது மூட்டுவலி, இன்னும் குணமாகவில்லை. மூன்றாவதைப் பிரித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆண்டவரே" என்று வாசித்தார், "நான் ஒரு ஆர்கனுக்கே உம்மிடம் அழுதேன். இந்த வாரம் இரண்டு ஆர்கன் ஆகிவிட்டது."

யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆர்கன் இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. சபை மொத்தமும் அந்த நாலு தடத்தைப் பார்த்தது.

"இல்லாத ஆர்கன் எப்படிப் பாஸ்டர் ரெண்டாகும்?" என்றார் தபால் ஐயா.

"தெரியலைங்கய்யா."

"பரலோகத்துச் சத்தம் கேக்குதோ என்னவோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பரலோகச் சத்தத்தை நிறுத்தச் சொல்லியா நாம இத்தனை வாரம் ஜெபிச்சோம்?" என்றார் இன்னொருவர்.

பாஸ்டருக்குத் தலை சுற்றியது. இருபது வருஷ ஊழியத்தில் முதல்முறையாக அவர் தன் சட்டத்தைத் தானே மீறினார். "கேக்கக் கூடாதுதான். இருந்தாலும் கேக்கிறேன். இந்த ஆர்கன் சீட்டை எழுதினது யாரு? உங்க ஜெபத்தைக் கேட்டுக் கோயில் ஆர்கனையே வெளிய எடுத்தாச்சு. இன்னும் உங்களுக்கு எங்கேருந்து சத்தம் கேக்குது?"

கண்ணாடிக்காரரின் பக்கத்திலிருந்து மாடி நர்ஸ் எழுந்து நின்றாள்.

"கோயில் ஆர்கனை எதுக்கு எடுத்தீங்க பாஸ்டர், வாரத்துல நான் ஒரு மணி நேரமாவது நிம்மதியாத் தூங்குறதே அந்தச் சத்தத்துலதானே. நான் அழுதது என் கட்டிலுக்கு நேர் கீழ, அண்ணன் வீட்டுல காலையில வாசிக்கிற ஆர்கனுக்கு. எந்த வீடுன்னு ஆண்டவருக்கு விலாசம் எழுதணும்னு எனக்குத் தோணலை."